சாராள் டீச்சரின் புது மாணவன்

வெள்ளைக்கார மிஷன் அம்மாக்களை ஜப்பான்காரர்கள் சிங்கப்பூர்ச் சிறைக்குக் கொண்டுபோன பிறகு, மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் இருந்த மிஷன் பெண்கள் விடுதியைச் சாராள் டீச்சர்தான் நடத்திவந்தாள். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவள், மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். விடுதியை மூடிவிடுவதுதான் நல்லது என்று பலரும் சொல்லிப் பார்த்தார்கள்.

"புள்ளைங்க இருக்கு, கூரை இருக்கு, கர்த்தர் இருக்காரு. எதுக்கு மூடணும்?" என்று கேட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அங்கே தங்கிப் படித்தவர்களில் பாதிப் பேர் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். சீதாவும் ஒருத்தி. 1943இல் ஒரு மழைநாள் காலையில் அவளுடைய தாய் அஞ்சலை கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். புருஷன் தியாகுவைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கென்று லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்தில் அரிசி கொடுப்பதும் நின்றுவிட்டது.

"மகளைப் பாத்துட்டுப் போயிடுறேன், டீச்சரம்மா."

"எங்க போவ?"

அஞ்சலை சேலைத் தலைப்பால் குழந்தையின் ஈரத் தலையைத் துடைத்தாள்.

"அப்ப இங்கயே இரு. மொதல்ல ஏதாவது சாப்பிடு. அப்பதான் குழந்தைக்குப் பால் இருக்கும்."

அவளைத் தொடர்ந்து இன்னும் சில பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து விளையாட்டுத் திடலைக் கொத்தினார்கள். பக்கத்துக் கிராமமான செட்டி கம்பத்து ருக்மணிக்குத் தமிழ் பேச வராது; அங்கே தலைமுறை தலைமுறையாக மலாய்தான் வீட்டுப் பேச்சு. அவள் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டாகக் கொண்டுவந்து போட்டு, எப்படிச் சாய்த்து நட வேண்டும் என்று மலாயில் சொல்லிக்கொடுத்தாள். காலையில் மாணவிகள் பாடம் படித்தார்கள். மாலையில் அவர்களே, தஞ்சம் வந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அது டீச்சர் போட்ட சட்டம்.

பிறகு தியாகுவே வந்துசேர்ந்தான். தம்பின் ஸ்டேஷனில் ரயிலுக்காக நிறுத்திவைத்திருந்தபோது கூட்டத்திலிருந்து நழுவி, தோட்டங்களுக்குள் பதுங்கிப் பதுங்கி நடந்து வந்திருந்தான். கால் இரண்டும் புண். அப்பாவைக் கண்டதும் சீதா அழுதாள். அவன் அழவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சேதி கேள்விப்பட்டுப் பொன்னுதுரை சைக்கிளில் விரைந்து வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெசர், திருச்சபைக்கும் பொறுப்பாளர். தியாகுவின் புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு, டீச்சரைத் தனியாக அழைத்தார்.

"பொம்பளைங்க, புள்ளைங்கன்னா சரி. இவன் ஓடிவந்தவன். தெரிஞ்சா விடுதியே போயிடும், சாராள். கிளேபாங் கடக்கரைப் பக்கம் மீன்காரங்ககிட்ட அனுப்பிடுங்க. இல்ல, என்னோட சொந்தக்காரன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லமாட்டேன், அண்ணே. வந்தவனை அனுப்பவும் மாட்டேன்."

"பின்ன கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இது படிக்கிற இடம். மாணவன்னு சொல்லுவேன்."

"இருபத்தெட்டு வயசு ஆளையா?"

"படிக்க உக்காந்தா மாணவன்தான்."

அன்று ஜெபத்தில் அவள் நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். பயம் இருந்தது. எழுந்தபோதும் அது போகவில்லை. ஆனால் செய்ய வேண்டியது என்ன என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை.

மறுநாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசிப் பெஞ்சில் தியாகு சிலேட்டோடு உட்கார்ந்தான். எல்லாப் பள்ளியிலும் ஜப்பானிய எழுத்துக் கட்டாயம்; அவனுக்கும் அதிலிருந்துதான் தொடக்கம். சீதா பக்கத்தில் இருந்து கைபிடித்து எழுதவைத்தாள்.

"ரப்பர்ப் பால் வெட்டுற கத்திகூட இப்படிக் கனக்காது" என்று முனகினான் அவன்.

அடுத்த வாரம் இடுப்பில் வாளோடு ஓர் அதிகாரி வந்தான். கூடவே மொழிபெயர்க்கக் கருணாகரன் வந்தான். தியாகுவை லோரியில் ஏற்றியபோது பெயர் கூப்பிட்ட, தோட்டத்து ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த கிராணி அவன்தான். வகுப்பே எழுந்து குனிந்து வணங்கியது. அதிகாரியின் விரல் நேராகக் கடைசிப் பெஞ்சை நோக்கி நீண்டது.

கருணாகரனின் முகம் மாறியதைச் சாராள் கவனித்தாள். அவன் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"அவர் என் மாணவர். போன வாரம் சேர்ந்தார். அதை அப்படியே சொல்லுங்க."

கருணாகரன் தயங்கினான். பிறகு சொன்னான். அதிகாரி கரும்பலகையைக் காட்டி, எழுது என்று சைகை செய்தான்.

தியாகு முன்னால் போய்ச் சுண்ணக்கட்டியை எடுத்து எழுதினான். ஐந்து எழுத்து. கோணல்தான், ஆனால் தப்பில்லை. ஆறாவதுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவன் திரும்பினான்.

"அஞ்சுதான் தெரியும், ஐயா. மிச்சத்தை என் மக இன்னும் சொல்லித்தரல."

இதையும் கருணாகரன் மொழிபெயர்த்தான். எந்தப் பிள்ளை என்று அதிகாரி கேட்க, சீதா எழுந்து நின்றாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்த அதிகாரி ஏதோ சொன்னான்.

"இவ்வளவு பலமான ஆளு பகல்ல சும்மா உக்காரக் கூடாதாம்" என்றான் கருணாகரன். "நாளையிலேருந்து பத்து பெரண்டாம் ஊரு விமானத் திடலுக்கு வேலைக்கு வரணும். ராத்தங்கல் இங்கயே."

சயாம் இல்லை. ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் அவருக்கு வகுப்பு இருக்கு" என்றாள் சாராள். "நேரத்தோட விடச் சொல்லுங்க."

"போதும், டீச்சர்."

"சொல்லுங்க."

கருணாகரன் சொன்னான். அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தான். சம்மதமாகத் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு வெளியேறினான்.

பின்னால் போன கருணாகரன் வாசலில் ஒரு கணம் நின்றான். "தம்பின்ல ஓடுன ஆளை ஆபீஸ்ல தேடுறாங்க. நான் அப்படி யாரையும் பாக்கல" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"உங்களுக்காகவும் ஜெபம் பண்றேன்" என்றாள் அவள்.

தியாகு விடியும்போது வேலைக்குப் போனான்; பொழுது சாயும்போது மண் அப்பிய காலோடு வகுப்புக்கு வந்தான். சில நாள் முதுகில் அடிபட்ட தடம் இருக்கும். அப்படியும் வந்தான். கொஞ்ச நாளில், திடலில் கூட வேலை செய்த இரண்டு பேரை அழைத்துவந்தான். ஜப்பான் எழுத்து வேண்டாம், தமிழ் போதும் என்றார்கள் அவர்கள். பிறகு செங், குருபோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் குடும்பத்தோடு வரத் தொடங்கினார்கள். வகுப்பை மிஷன் ஆலயத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புண்ணுக்கு மருந்து போட வந்த பொன்னுதுரை கணக்குப் பாடத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

"எடம் பத்தாது, டீச்சரம்மா" என்றாள் அஞ்சலை.

"பெஞ்சையெல்லாம் சுவரோரமா தள்ளு. தரையில பாயைப் போடு. பத்தும்" என்று சொல்லிவிட்டு, சாராள் பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.