துணைக்கு வந்தவர்

கிளாட்வின் வீசிய ஸ்டேப்ளர் ஜெமியின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. பின்கள் தரையெங்கும் சிதறின.

"ஏட்டி, யாரக் கேட்டுப் பதில் சொன்ன?"

"நீங்க குளிச்சிக்கிட்டு இருந்தீங்க. போனு வந்துச்சு. ஜெமி யாருன்னு கேட்டாங்க, நாந்தான்னேன். நாலு கேள்வி கேட்டாங்க, தெரிஞ்சதச் சொன்னேன்."

"செத்த நேரம் லைன்ல இருங்கன்னு சொல்லத் தெரியாதா? நா அஞ்சு வருசமா நாயா அலையுதேன், நீ நாலு கேள்வியில முடிச்சிட்டியோ?"

சென்னையில் ஒரு டிவி சேனல் நடத்தும் பொது அறிவுப் போட்டி அது. கிளாட்வின் ஐந்து முறை விண்ணப்பித்தும் கூப்பிடவில்லை. ஆறாவது முறை மனைவியின் பெயரிலும் அவள் போன் நம்பரிலும் ஒரு விண்ணப்பம் போட்டு வைத்தான். அழைப்பு வந்தால் தானே பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. அது பிசகிவிட்டது. போட்டிக்குத் தேர்வானது ஜெமி.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் கிளாட்வின் பயிற்சி மையம் நடத்தினான். அரசு வேலைத் தேர்வு எழுதும் பிள்ளைகள் அறுபது பேர் வந்தார்கள். ஊரில் அவனுக்கு 'ஜி.கே. சார்' என்று பேர். அவர்கள் படித்த நோட்ஸ் அத்தனையும் ஜெமி எழுதியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து புவியியலில் பட்டம் வாங்கியவள் அவள். கல்யாணமான ஒன்பது வருஷமும் செய்தித்தாள்களையும் புத்தகங்களையும் புரட்டிக் கேள்விகள் தயாரித்ததும், பிரதி எடுத்துப் பின் அடித்ததும் அவள்தான். அட்டையில் 'தொகுப்பு: நே. கிளாட்வின்' என்றிருக்கும்.

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னான்.

"போவோம். நீ உக்காரு. நா துணைக்கு வாரேன்."

போட்டியில் அப்படி ஒரு விதி இருந்தது. போட்டியாளரோடு வந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் 'துணை' என்ற பொத்தானை அழுத்தி அவரிடம் யோசனை கேட்கலாம்.

"ஒரு கேள்விக்காவது என்னக் கூப்பிடணும். யாரு சொல்லிக் குடுத்து நீ அங்க வந்து உக்காந்திருக்கன்னு ஊரு பாக்கணும். வெளங்குதா?"

"சரிங்க."

சென்னையில் சேனல்காரப் பெண் ஒருத்தி விவரம் எழுதிக்கொள்ளும்போது, "யார்கிட்ட பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டாள். ஜெமி யோசிக்காமல், "நானாப் படிச்சதுதான்" என்று சொல்லிவிட்டாள். அதற்காக, மறுநாள் காலை லாட்ஜ் அறையில் கிளாட்வின் அவள் கழுத்தைப் பிடித்துக் கதவோடு வைத்து அமுக்கினான். மூச்சு முட்டி அவள் கால்கள் உதறிய பிறகுதான் விட்டான்.

"சேலைய மாத்திட்டுக் கெளம்பு. நேரமாச்சு" என்றான்.

மேக்கப் போடும் அம்மாள் ஜெமியின் கழுத்தை ஒருமுறை பார்த்தாள். நான்கு விரல்கள் பதிந்திருந்தன. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒன்றுமே கேட்காமல் மேக்கப் மாவைப் பூச ஆரம்பித்தாள். பழகிய கை.

"முந்தானைய இன்னும் கொஞ்சம் ஏத்திக் குத்திக்கோம்மா. லைட்டு பட்டா தெரியும்."

விளக்குகளுக்குக் கீழே உட்கார்ந்ததும் ஜெமிக்கு ஏனோ பயம் போய்விட்டது. முதல் ஏழு கேள்விகளுக்கும் நிறுத்தாமல் பதில் சொன்னாள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவள் கண் முன்வரிசைக்குப் போனது. கிளாட்வின் தட்டவில்லை. முழங்காலில் விரலால் குத்திக்கொண்டிருந்தான். கூப்பிடு, கூப்பிடு.

எட்டாவது கேள்வி திரையில் வந்தது. உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது? சகாரா, கோபி, தார், அண்டார்டிகா.

ஜெமிக்கு விடை தெரியும். கணவன் என்ன சொல்லுவான் என்பதும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நோட்ஸில் அவள் அண்டார்டிகா என்று எழுதியிருந்தாள். "சகாரான்னு பாடம் நடத்தியாச்சு. என்னையக் கேனயனாக்கப் பாக்கியா?" என்று கேட்டு, அந்த நோட்டுக் கட்டாலேயே அவள் வாயில் அடித்திருந்தான். உதடு கிழிந்து இரண்டு தையல். நோட்ஸில் இன்றைக்கும் சகாராதான். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவனைக் கூப்பிடக் கூடாது என்று, விடை சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், கிளாட்வின் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டான்.

தொகுப்பாளர் சிரித்தார். "சார் ரொம்பத் துடிக்கிறாரே! துணையைக் கேட்டுடலாமா மேடம்?"

கூட்டம் கைதட்டியது. ஜெமி பொத்தானை அழுத்தினாள்.

கிளாட்வின் மைக்கை வாங்கினான். "சகாரா. நூத்துக்கு நூறு. என் ஸ்டூடன்ட்ஸ் அத்தனை பேருக்கும் தெரியும்."

"அப்புறமென்ன, சகாராவைப் பூட்டிடலாமா? வீட்டுக்காரர் பேச்சைக் கேட்கலைன்னா ராத்திரி வீட்டுல சோறு கிடைக்காது!"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ஜெமி தன்னையறியாமல் கழுத்தைத் தொட்டாள். விரலில் மாவு ஒட்டியது. தைரியம் என்று சொல்ல ஒன்றும் அவளிடம் அந்த நேரத்தில் இல்லை. ஆனால் ஒன்பது வருஷமாக அடுப்படியில் 'நீங்க சொன்னதுதான் சரி' என்று சொன்ன பொய்யை இத்தனை வெளிச்சத்தில் சொல்ல நாக்கு எழவில்லை.

"அண்டார்டிகா" என்றாள்.

சிரிப்பு நின்றது. "மேடம், அது பனிப் பிரதேசமாச்சே?"

"மழ தண்ணி இல்லாத எடந்தான் சார் பாலைவனம். மணல் இருக்கணும்னு இல்ல."

திரை பச்சையானது. இசை முழங்கியது. காமிரா கிளாட்வின் பக்கம் திரும்பியது. அவன் சிரித்தபடி எழுந்து நின்று கைதட்டினான். அதற்குப் பிறகு ஜெமி முன்வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. பதினோராவது கேள்வியில் அவள் தோற்று வெளியே வந்தாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் கிளாட்வின் வீட்டுக் கதவைத் தாழிட்டு, பெல்ட்டை உருவினான்.

"சிரிச்சானுவட்டி! அம்புட்டுப் பேரும் என்னப் பாத்துச் சிரிச்சானுவ!"

முதுகு, தொடை, தோள். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடித்தான். கை ஓய்ந்ததும் போனை அவள் முன்னால் எறிந்தான். நிகழ்ச்சி ஒளிபரப்பாக மூன்று வாரம் இருந்தது. அந்தக் கேள்வியை வெட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். ஜெமி உட்கார முடியாமல் நின்றபடியே பேசினாள். மறுமுனையில் இருந்த பெண் உற்சாகமாகச் சொன்னாள்: "ஐயோ மேடம், அந்த எபிசோடோட ஹைலைட்டே அதுதான்!"

அடுத்த வாரம் விளம்பரம் வர ஆரம்பித்தது. 'கணவன் சொல்லா? சரியான விடையா? ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு!' சகாரா என்று சொல்லி வாய் திறந்தபடி உறைந்த கிளாட்வின் முகம், கூடவே ஒரு கோமாளிச் சத்தம். நாளுக்குப் பத்துத் தடவை. பயிற்சி மையத்துக் கரும்பலகையில் யாரோ ஒட்டகத்தின் மேல் ஒரு பென்குவினை வரைந்து வைத்தார்கள். அன்றைக்கு அவன் வகுப்பை முடிக்காமல் மத்தியானமே வீட்டுக்கு வந்தான். ஜெமி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியைப் பிடித்து கிரைண்டரின் விளிம்பில் முகத்தை மோதினான்.

வீங்கிய கண்ணோடு அவள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா இன்பம் விதவை. மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதாள். அழுது முடித்ததும் கேட்டாள்.

"ஏட்டி, தெரிஞ்சாத்தான் என்ன? அவிய சொன்னதயே சொல்லிட்டுத் தோத்துட்டு வந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருவ?"

"கண்ணப் பாரும்மா."

"பாத்தேன். ஒங்கப்பா என்னைய அடிக்காத அடியா? ஒரு பிள்ள பொறந்துட்டா அவிய சரியாயிருவாவ. பாஸ்டர் ஐயாகிட்டச் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லுதேன்."

சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு இன்பம் ராஜபாளையம் வந்தாள். "புத்தி இல்லாமப் பண்ணிட்டா, மனசுல வச்சுக்கிடாதீங்க மாப்ள" என்று கையைக் கூப்பினாள். ஜெமியையும் சொல்ல வைத்தாள். "தப்புதான்" என்றாள் ஜெமி. கிளாட்வின் மாமியாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க அத்த. காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றவன், மனைவியைப் பார்த்து, "ஏட்டி, அத்தைக்குக் காப்பி போடு" என்றான்.

ஞாயிறு வந்தது. ஆறேகால் மணிக்குக் கிளாட்வின் டிவியைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தான். கண்ணாடி நொறுங்கியது. ஆனால் பக்கத்து வீட்டுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அங்கே சுடலையம்மாளும் அவள் புருஷன் வேல்சாமியும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தெரு முழுக்க அப்படித்தான். தெருவிலிருந்து ஒருத்தி டிவியில் வருவது லேசுப்பட்ட காரியமா?

சுவர் வழியாக முதலில் கூட்டத்தின் சிரிப்பு வந்தது. பிறகு, "மழ தண்ணி இல்லாத எடந்தான் சார்" என்ற ஜெமியின் குரல். கிளாட்வின் மர ஸ்டூலைத் தூக்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தலைக்கு வந்தது. ஜெமி வலது கையை உயர்த்தித் தடுத்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் ஓயவில்லை.

"என்ன சத்தம்?" என்றான் வேல்சாமி.

"அவங்க வீட்டுலதான். எப்பவும் உள்ளதுதான" என்றாள் சுடலையம்மாள். "சத்தத்தக் கூட்டி வைங்க. அந்தப் புள்ள என்ன அழகாப் பேசுது பாருங்க."

அடித்துக் களைத்த கிளாட்வின் கட்டிலில் உட்கார்ந்து இரைத்தான். ஜெமி இடது கையால் தாழ்ப்பாளை நீக்கினாள். அவள் போய்விடுவாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவள் தெருவில் இறங்கி நடந்தாள். புருவத்தில் வழிந்த ரத்தம் கண்ணை மறைத்தது. திறந்திருந்த கதவுகளுக்கு உள்ளே, பட்டுச் சேலை கட்டி, கழுத்தில் மாவு பூசிய ஜெமி வீட்டுக்கு வீடு சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. தெரு முக்கில் நின்ற ஆட்டோக்காரர்தான் அவளைப் பார்த்துப் பதறி, கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார்.

கிளாட்வினே இன்பத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மாவுக்கட்டு போட்டு முடிப்பதற்குள் இன்பம் மூச்சு வாங்க வந்து நின்றாள். எப்படி ஆனது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, மகளை முந்திக்கொண்டாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்."

"விழல" என்றாள் ஜெமி. "எம் புருஷன் அடிச்சாரு."

கொஞ்ச நேரத்தில் கௌதம்ராஜ் என்ற இளவயது போலீஸ்காரர் நோட்டோடு வந்தார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தவர், "அக்கா, டிவில வந்தது நீங்கல்லா! இப்பத்தான் செல்லுல பாத்தேன். அண்டார்டிகா! எனக்கே தெரியாதுக்கா" என்றார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைக் கேட்டு எழுதினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எல்லாஞ் சரிதான்க்கா. ஆனா அம்புட்டுப் பேரு முன்னால அண்ணனுக்கும் ஒரு மாதிரித்தான இருந்திருக்கும்? அவரு சொன்ன பதிலயே சொல்லியிருந்தீங்கன்னா இந்தப் பாடு இல்ல பாத்தீங்களா?"

"ஆமாய்யா, நானும் அதத்தான் சொன்னேன்" என்றாள் இன்பம்.

கௌதம்ராஜ் மறுபடி பேனாவை நோட்டில் வைத்தார்.

"சரி, காரணம்னு என்ன போட? டிவி நிகழ்ச்சியால வந்த குடும்பத் தகராறுன்னு போட்டுரவா?"

"காரணம் எழுதாதீங்க. அடிச்சது யாருன்னு மட்டும் எழுதுங்க."

"காரணம் இல்லாம எப்பிடிக்கா?"

"எழுதுனா, அடிக்கிறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சுன்னுல்லா ஆயிரும். இல்ல. அப்பிடி ஒண்ணு இல்லவே இல்ல."

கௌதம்ராஜ் பேனாவை உயர்த்தியபடி அவளையே பார்த்தார். பிறகு எழுதியதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். "புருஷன் பேரு?"

"கிளாட்வின். நேசையன் மகன் கிளாட்வின்."

இன்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வலது கை ஒடஞ்சிருக்கே. ரேகை வச்சிருங்க" என்று போலீஸ்காரர் மைப்பெட்டியைத் திறந்தார்.

"வேண்டாம். பேனாவக் குடுங்க."

தாளைக் கட்டிலில் வைத்து ஜெமி இடது கையால் தன் பெயரை எழுதினாள். முதல் எழுத்தே கோணிக்கொண்டு போனது. இரண்டாவதில் தாள் நழுவியது. இழுத்து வைத்து மறுபடி எழுதினாள், மறுபடி நழுவியது. அழுத்திப் பிடிக்க இன்னொரு கை இல்லை. இன்பம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் மூன்றாம் முறை தாளை இழுத்தபோது எழுந்து வந்தாள். மகள் எழுதி முடிக்கும்வரை தாளின் ஓரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.