நூற்றறுபது ஆம்ப்ஸ்

அதெப்படி, இரண்டும் ஒரே கனமாக இருக்கும்? சிவப்புப் பெட்டியில் இருநூறு ஆம்ப்ஸ் என்று போட்டிருக்கிறது, நீலப் பெட்டியில் இருநூற்றைம்பது, விலையும் அதற்கேற்றபடி ஏறியிருக்கிறது, ஆனால் இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாகத் தூக்கிப் பார்த்தால் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன... கூடுதல் ஐம்பது ஆம்ப்ஸைக் காற்றிலா அடைத்து வைத்திருக்கிறான், என்று நினைத்துக்கொண்டே அவள் இரண்டு வெல்டிங் மெஷினையும் மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்? புடவையில் வந்து வெல்டிங் மெஷின் கேட்கிறாளே என்றா, இல்லை, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போகும் முகம் இது என்றா? “ரெண்டுமே நல்ல மெஷின்மா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார். கண்ணை மூடிக்கொண்டா? அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கண் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது. வெல்டிங் தேர்வுக்கு இருபது நாள்தான் இருக்கிறது. பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு பேருக்கு ஒரே மெஷின், அவள் முறை வந்தால் பத்து நிமிடம், கை நிதானத்துக்கு வரும்போது அடுத்தவர் தோளைத் தட்டிவிடுவார். தேறிவிட்டால் அவள் வேலை செய்யும் இரும்பு அலமாரிப் பட்டறையில் வெல்டிங் பக்கம் போகலாம், தேறாவிட்டால் பதினோரு வருடமாகத் தேய்த்த அதே உப்புத்தாள், அதே பெயின்ட் நெடி. மேற்பார்வையாளர் வேறு, “உனக்கெதுக்கும்மா நெருப்போட விளையாட்டு” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்... அவருக்கு ஒருநாள் பதில் சொல்ல வேண்டும், வாயால் இல்லை.

பையிலிருந்து பிளேடை எடுத்தாள். “என்னம்மா பண்றீங்க?” என்று கடைக்காரர் கேட்பதற்குள், நீலப் பெட்டியோடு வந்த வயரின் நுனியில் செம்பு நிறத்தில் மின்னிய இழையைச் சுரண்டிவிட்டாள், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. “இது என்னண்ணே?” என்றாள். “இந்த விலைக்கு வர்றதெல்லாம் அப்படித்தாம்மா, கம்பெனிக்காரன் குடுக்கிறதை நான் விக்கிறேன்” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியானால் முதலில் ஏன் சொல்லவில்லை? சுரண்டாதவர்களுக்கெல்லாம் அது செம்பு, சுரண்டியவளுக்கு மட்டும் கம்பெனிக்காரன் குடுத்தது, அப்படித்தானே? பயிற்சிக் கூடத்து மாஸ்டர் சொன்னது எவ்வளவு சரி, பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பாதே, வெல்டிங் ராடை வைத்து மெஷினிடமே கேள். அதனால்தான் ராடும் இரும்புத் துண்டும் அவளே கொண்டுவந்திருந்தாள், கடை ராடில் என்ன சூது இருக்குமோ யார் கண்டது... இப்படியெல்லாம் அவள் எப்போதிலிருந்து யோசிக்க ஆரம்பித்தாள்? முன்பு தராசின் முள்ளைக்கூடப் பார்க்காதவள். ஏன், தெரியாதா, அந்த மத்தியானத்திலிருந்துதான். கணவர் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவர் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனால், கடை பூட்டிக் கிடந்தது, பூட்டின்மேல் தூசி. மூடி இரண்டு மாதமாச்சே, அவர் சொல்லலையா, என்று பக்கத்து டயர் கடைக்காரர் கேட்டார். இரண்டு மாதம்! தினமும் காலையில் தலை வாரி, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, “வரேன்” என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன்... இப்போது வேறு இடத்தில் வேலை செய்கிறார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கையில் தருகிறார், ஆனால் அவர் சொல்வது எதுவும் அவள் காதைத் தாண்டி உள்ளே போவதில்லை. போன வாரம்கூட, “நம்ம வீட்டு கரண்ட் லைனுக்குப் பெரிய மெஷின் வேணாம், நான் கூட வரட்டுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றாள். சின்னதாக வாங்கிக் கை ஓடாமல் இவள் தோற்றால் யாருக்கு நிம்மதி என்று அவளுக்குத் தெரியாதா? தெரியுமா? தெரிந்த மாதிரிதான் இருந்தது.

பிளேடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “வேற கடை பார்த்துக்கிறேண்ணே” என்று அவள் திரும்பியபோது, கடைக்காரர் ஒரு நிமிஷம் தாடையைச் சொறிந்தார், பிறகு குனிந்து மேசைக்கு அடியிலிருந்து பச்சை நிறப் பெட்டி ஒன்றை இழுத்து வெளியே வைத்தார். நூற்றறுபது ஆம்ப்ஸ். மற்ற இரண்டையும்விடச் சிறியது, ஆனால் தூக்கினால் கனம். வயரைச் சுரண்டினால் உள்ளேயும் செம்பு. நல்ல சரக்கை ஏன் கீழே வைத்திருக்கிறார்? யாரோ திருப்பிக் கொடுத்ததா? மூடியின் திருகாணிகளைப் பார்த்தாள், நான்கிலும் திருப்புளி பட்ட தழும்பு. “இதைத் திறந்திருக்காங்க” என்றாள், குரல் உயர்ந்துவிட்டது. “திறந்தாங்கதான். முதல்ல ஓட்டிப் பாருங்கம்மா, அப்புறம் சண்டை போடுங்க.” கொல்லைப்புறத்தில் சிமென்ட் தரைமேல் அவளுடைய இரும்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, ஷீல்டைப் போட்டுக்கொண்டு, குமிழைத் தொண்ணூறு ஆம்ப்ஸுக்குத் திருப்பி ராடைத் தட்டினாள். ராடு இரும்பில் ஒட்டும் என்று காத்திருந்தாள், ஒட்டவில்லை, அணையும் என்று காத்திருந்தாள், அணையவுமில்லை. கண்ணாடியின் கருப்புக்குள் அந்தச் சின்னப் பச்சை வெளிச்சம் கூப்பிட்ட பக்கம் வந்தது, எண்ணெயில் எதையோ போட்ட மாதிரி சீரான சத்தம், ஒரு ராடு முழுக்க... சுத்தியலால் தட்டியதும் கசடு ஓடாகப் பெயர்ந்தது, அடியில் மீன் செதிலாக வரிவரியாக ஒரு கோடு, இவ்வளவு நேராக அவள் இதுவரை இழுத்ததில்லை. அப்போதும் மனசு கேட்கவில்லை. யார் திறந்தது, எதை மாற்றியது?

“யாருண்ணே திறந்தது?” கடைக்காரர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார், “உங்க வீட்டுக்காரர்தான். புதன்கிழமை வந்தார், புடவையில ஒருத்தி வெல்டிங் மெஷின் கேட்டு வருவா, அவதான் என் வீட்டுக்காரின்னார். அஞ்சு மெஷினைத் திறந்து உள்ள காயிலெல்லாம் பார்த்தார், அந்த ஸ்டூல்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னார், வீட்டு வயரிங்கும் தாங்குமாம். நான் வந்தேன்னு மட்டும் சொல்லாதீங்க, சொன்னா அவ வாங்க மாட்டான்னார். முதல்லயே நீட்டினா உங்களுக்குச் சந்தேகம் வருமாம், கடைசியா எடுக்கச் சொன்னார்.” பிறகு அவசரமாக, “நான் சொன்னதா அவருக்குத் தெரிய வேணாம்மா, ஏதோ வாய் தவறிடுச்சு” என்றார். அவள் ஷீல்டைக் கழற்ற மறந்து நெற்றிமேலேயே தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கோபம்தான் முதலில் வந்தது, மறுபடியும் முதுகுக்குப் பின்னால்... என்னிடம் சொல்ல வாயில்லையா? சொன்னாரே. போன வாரம் சொன்னாரே. வாங்க மாட்டாள் என்றாராம், அது பொய்யா? ஸ்டூல் பக்கம் பார்த்தாள், உயரமில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல், முட்டி வலியோடு அதில் எப்படி ஒரு மணி நேரம்? “கட்டிக் குடுங்கண்ணே” என்றாள்.

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது போன் அடித்தது, அவர்தான். “கடைக்குப் போனியா?” “போனேன்.” “கிடைச்சுதா?” “கிடைச்சுது. நூத்தறுபது.” “ஓ,” என்றார், ஒன்றுமே தெரியாதவர் மாதிரி, எவ்வளவு அழகாக நடிக்கிறார், இதே குரல்தானே அந்தக் காலைகளிலெல்லாம் “வரேன்” என்றது, “நல்லாப் பார்த்துத்தானே எடுத்தே?” என்று கேட்டார். அவளுக்குத் தொண்டை வரை வந்தது, புதன்கிழமை எங்கே போயிருந்தீங்க என்று. “நாலு கடை ஏறி இறங்கினேங்க. நானேதான் பார்த்துப் பொறுக்கினேன்” என்றாள். “அப்ப சரி,” என்றார் அவர், அதில் இருந்த சந்தோஷம் போனுக்குள் மறையவில்லை. போனை வைத்த பிறகும் காதோரம் சூடாக இருந்தது. ஒரே ஒரு கடைதான் ஏறினாள், நாலு என்று வாய் எப்படித் தானாகச் சொன்னது, தடுக்காமல், தடுமாறாமல்... ஏமாற்றுகிறோம் என்றே தோன்றவில்லையே, எதையோ கீழே விழாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி அல்லவா இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ, அந்த இரண்டு மாதமும்? இருந்திருக்காது, என்று உடனே தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் பஸ் வந்து நின்றும், முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஏறிவிட்டும், அவள் கால் எழவில்லை.