சத்தம் போடாமல் குளிப்பவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குழாய்க் கடையில் கிடைத்தது. வாஷர் வாங்கப் போயிருந்தேன். வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. படிக்கும்போது சொட்டுச் சத்தம் கேட்டால் எனக்குப் பக்கம் நகராது. கடையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். கணவர் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்று கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். வேண்டும் என்று வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்பதற்கு இவ்வளவு பேச்சு தேவைப்படும் என்று அன்றுதான் தெரிந்தது. மனைவி பலகையில் வரிசையாக மாட்டியிருந்த குழாய்களில் ஒன்றைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். காட்சிக்கு வைத்த குழாய். தண்ணீர் வராது.

நான் கண்டது அவ்வளவுதான். மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

முதல் வாக்கியம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

“எல்லாக் குளியலறைகளும் ஒருநாள் இடிக்கப்படும்.” (பேருண்மை மாதிரி தொனிக்கிறது. இடிக்கப்போவது கொத்தனார். நமக்கு எதற்குத் தத்துவம்?)

“அவள் குழாயைத் திறந்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று—” (வேண்டாம். ‘ஏதோ ஒன்றை’ வைத்துக் காலம் தள்ளும் கதைகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கின்றன.)

“வீட்டில் ஒரே ஒரு குளியலறைதான் இருந்தது.”

இது செங்கல் மாதிரி நிற்கிறது. இதன்மேல் கட்டலாம்.

2

வீட்டில் ஒரே ஒரு குளியலறைதான் இருந்தது. பங்குதாரர்கள் மூன்று பேர்: இன்சூரன்ஸ்காரர், அவர் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள்.

இன்சூரன்ஸ்காரர் என்றால் பாலிசி பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் அல்ல. விபத்து நடந்த பிறகு வந்து, எப்படி நடந்தது, யாருடைய அஜாக்கிரதை என்று அறிக்கை எழுதுகிறவர். அவர் கண்ணுக்கு மாடிப்படி என்பது விழுவதற்கு வசதியாகக் கட்டிய ஏற்பாடு. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

மனைவிக்கு மின்கட்டண அலுவலகத்தில் வேலை. பணம் வாங்கும் ஜன்னலில், கண்ணாடிக்குப் பின்னால். கண்ணாடியில் பாதி நிலா வடிவில் ஓர் ஓட்டை. ஊரின் கோபம் மொத்தமும் அதன் வழியாக உள்ளே வரும். “ஏம்மா, நான் ஊர்லயே இல்ல, எனக்கு எப்படிம்மா இவ்ளோ பில்லு?” அவள் நிமிரவில்லை என்றால் சாவியால் கண்ணாடியைத் தட்டுவார்கள்.

வேலை முடிந்து வந்ததும் அவள் குளியலறைக்குள் போவாள். தாழ்ப்பாள் விழும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது.

அது அப்படியொன்றும் சொர்க்கம் இல்லை. அடிப்பக்கம் ஊறிப்போய்த் தகரம் அடித்த மரக்கதவு, உப்புப் படிந்த தரை, எப்படித் திருப்பிப் போட்டாலும் ஆடுகிற ஒரு பிளாஸ்டிக் முக்காலி. கணவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு கதவருகே போவார்.

“உள்ள என்ன பண்றே?”

“குளிக்கறேன்.”

“தண்ணிச் சத்தமே கேக்கலையே?”

“சத்தம் போடாமக் குளிக்கறேன்.”

“அது எப்படி?”

ஹாலில் இருந்து மகள் குரல் கொடுப்பாள்.

“அப்பா, வாசல்ல நீங்க நின்னா அவங்க எப்படிப்பா வெளிய வருவாங்க?”

“ஏன், நான் என்ன புலியா?”

“புலி ஒரு தடவ உறுமிட்டுப் போயிடும்பா.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவரைக் கேலி செய்வதில் நியாயம் இருக்காது. அவர் எழுதிய அறிக்கைகளில் பல, குளியலறையில் தொடங்கியவை. சோப்பு, ஈரம், தலை, கதவை உடைக்க ஆள் தேடி அலைந்த நேரம். உள்ளே இருந்து அவள் குரல் வரும்வரை அவர் மனதுக்குள் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டுதான் நிற்பார். அச்சம் என்பது அன்பு அணிந்துவரும் சீருடை. (கடைசி வாக்கியம் நாள்காட்டித் தாளுக்குப் போக வேண்டியது. அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

அஞ்சிக்கொண்டிருப்பவர் சும்மா இருக்க மாட்டார். யாரையாவது குற்றவாளி ஆக்க வேண்டும். மனைவியை ஆக்க முடியாது. குளியலறையை ஆக்கினார்.

“இடம் சரியில்ல. அதான் இவ்ளோ நேரம் ஆகுது. இடம் சரியா இருந்தா உள்ள போனோமா, வந்தோமான்னு இருக்கலாம்.”

3

மேஸ்திரிக்கு அந்த வீட்டில் வைத்த பெயர் ‘பாத்துக்கலாம்’.

“தண்ணி ஓட்டம் சரியா வருமா மேஸ்திரி?”

“பாத்துக்கலாம் சார்.”

“டைல்ஸ் வழுக்காதில்ல?”

“அதெல்லாம் பாத்துக்கலாம் சார்.”

“என்னய்யா இது, சுடுதண்ணிய வலது பக்கம் வெச்சிருக்கே?”

“பழகிடும் சார்.”

வேலைக்கு முன் ‘பாத்துக்கலாம்’, வேலைக்குப் பின் ‘பழகிடும்’. மனிதன் கட்டிய அத்தனையும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் எழும்பி நிற்கிறது என்று எனக்குச் சந்தேகம்.*

இடித்துப் போட்டிருந்த நாட்களில் குடும்பம் எதிர்வீட்டில் போய்க் குளித்தது. ஓசியில் குளிக்கிறவள் சாவகாசமாகக் குளிக்க முடியாது. மனைவி சட்டென்று திரும்பி வந்தாள். கணவர் அதைத் தன் கொள்கைக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கதவு.

“முழுக் கண்ணாடி. தள்ளினாத் திறக்கும், விட்டாத் தானா மூடிக்கும். தாப்பாளே கிடையாது.”

“ஏன்பா?” என்றாள் மகள்.

“உள்ள மயங்கி விழுந்தா யாரு கதவ உடைக்கறது? உங்கம்மா உள்ள போனா ஊமையாயிடறா.”

“கண்ணாடின்னா எல்லாம் தெரியுமேப்பா!”

“மங்கல் கண்ணாடிடீ. நிழலாத்தான் தெரியும். நிழல் நின்னுட்டு இருந்தா நல்லா இருக்கான்னு அர்த்தம். படுத்திருந்தா நாம ஓடலாம்.”

மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள். “நாள் முழுக்க நான் கண்ணாடிக்குப் பின்னாடிதாங்க உக்காந்திருக்கேன்” என்றாள்.

“அப்ப உனக்குப் பழக்கம்தானே!”

நல்ல நகைச்சுவை என்றே அவருக்குப் பட்டது. அவளும் சிரித்தாள். (எந்த வகைச் சிரிப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்கும் வேலை மிச்சம்.) அந்த வாரம்தான் அவர்கள் குழாய்க் கடைக்குப் போனார்கள். நான் வாஷருக்காகக் காத்து நின்றேன்.

* கதைகளும் இதில் அடக்கம். எழுதும்போது பாத்துக்கலாம். படிக்கும்போது உங்களுக்குப் பழகிடும்.

4

இதுவரை எழுதியதை நண்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“உள்ள அவ அழறா. அதானே?” என்றார்.

“தெரியல.”

“எழுதறது நீங்க. உங்களுக்குத் தெரியலன்னா வேற யாருக்குய்யா தெரியும்?”

நியாயமான கேள்வி. அழ வைக்கலாம், பெண்ணை மூடிய அறைக்குள் அனுப்பினால் அழ வைத்துத்தான் வெளியே விட வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ரகசியமாகப் போன் பேச வைக்கலாம். அப்புறம் அந்தப் போனின் மறுமுனைக்கு ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். அவனுக்கு மீசை வைப்பதா வேண்டாமா என்று பார்க்க வேண்டும். அல்லது—

‘அவள் முக்காலியைச் சுவரோரம் நகர்த்தி, காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி—’

இங்கே நிறுத்திவிட்டேன். எழுதுகிறவனுக்குக் கதவு ஏது? அந்தத் தாழ்ப்பாளே நான் எழுதிப் போட்டதுதான். ஒரு வாக்கியத்தில் உள்ளே போய்விடலாம். போய்விட்டால் எனக்கும் அந்த மங்கல் கண்ணாடிக்கும் என்ன வித்தியாசம்? கண்ணாடியாவது நிழலை மட்டும்தான் காட்டும். நான் மனசையும் காட்டுகிறேன் என்று கிளம்புவேன்.

அதனால் நான் வெளியே, கணவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். அவருக்குத் தெரிந்ததுதான் உங்களுக்கும். குறை சொல்வதென்றால் அவரைச் சொல்லுங்கள்.

5

குளியலறை முடிந்தது. பாடங்கள் தொடங்கின.

தண்ணீர் வடிகால் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக ஹாலுக்கு வந்து சோபாவின் காலை நனைத்தது. வழுக்காத டைல்ஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, காலை மட்டுமல்ல, அழுக்கையும் நழுவ விடவில்லை. ஷவரைத் திறக்கும் திருகு ஷவருக்கு நேர் கீழே இருந்தது. திறக்கிறவர் முதுகில் பச்சைத் தண்ணீரை வாங்கிக்கொண்டுதான் சுடுதண்ணீருக்குப் போய்ச் சேர முடியும். துணி மாட்ட ஓர் ஆணி கிடையாது. டைல்ஸில் விரிசல் விழும் என்று மேஸ்திரி அடிக்கவில்லை. எல்லோரும் மாற்றுத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு குளித்தார்கள்.

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேஸ்திரி?”

“நீங்க கேக்கவே இல்லையே சார்.”

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே கதவு. தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் எல்லோரும் பாடகர்கள். உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று மகள் தொண்டை கிழியப் பாடினாள். இன்சூரன்ஸ்காரருக்குப் பாட வராது, இருமினார். விடாமல் இருமியதில் நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் மகள் கண்ணாடிமேல் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

“அவ்ளோ பெரிய கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கேன், அதுமேல போர்வையா!”

“அதுக்குக் குளிருதுப்பா.”

போர்வையை அவிழ்த்து மடித்து வைத்தார்.

மனைவி பாடவும் இல்லை, இருமவும் இல்லை. போன வேகத்தில் வெளியே வந்தாள். “பாத்தியா, இடம் சரியா இருந்தா வேலை சட்டுனு முடியுது” என்று அவர் மகளிடம் பெருமைப்பட்டார். இந்தப் பெருமை அதிக நாள் நீடிக்கவில்லை. மனைவி வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிப்போக ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். பிறகு இருட்டும்வரை.

“ஏன் லேட்டு?”

“வேலை இருந்துச்சு.”

பணம் வாங்கும் ஜன்னல் எப்போது மூடும் என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். மேலும் கேட்டார். அவள் மேலும் ‘வேலை’ என்றாள்.

“அப்பா,” என்றாள் மகள், அன்று வழக்கமான நையாண்டி இல்லாமல், “அம்மாவுக்கு வீட்டுக்கு வரவே மனசு வரலப்பா. உங்களுக்குத் தெரியலையா?”

“ஏன் வராது? புது பாத்ரூமே கட்டிக் குடுத்திருக்கேன்!”

“அதான்.”

ஓர் அறிக்கையின் கடைசி வரியில், ‘யாருடைய அஜாக்கிரதை’ என்ற இடத்தில், தன் பெயரையே பார்த்தவர்போல அவர் உட்கார்ந்துவிட்டார்.

6

மறுநாள் அவள் அலுவலகத்துக்கே போனார். ஜன்னல் மூடியிருந்தது. பெஞ்சுகள் காலி. காவலாளி ஒருவர் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவா? பின்னாடி இருக்காங்க சார். தெனமும் கொஞ்ச நேரம் இருந்துட்டுதான் கெளம்புவாங்க.”

பின்பக்க நடையில் பழைய மீட்டர்கள் குவிந்து கிடந்தன. கடைசியில் ஒரு கதவு. அதன் முன்னால் வந்ததும் இன்சூரன்ஸ்காரரின் கண் தானாக வேலை செய்தது. தரையில் பாசி. கைக்கெட்டும் உயரத்தில் தோல் உரிந்த ஒயர். உடைந்த படி, அதன் நுனியில் கம்பி. மனிதர் நுழையத் தகுதியற்றது என்று யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். கதவு மரம். உள்ளே தாழிட்டிருந்தது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை.

அந்த மௌனத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை மாலை அதன் வெளியே நின்றிருக்கிறார்! கை தானாக எழுந்து தட்டியது.

“ஆள் இருக்கு.”

அவள் குரல்தான். தட்டியது யாரென்று தெரியாததால் அதில் அலுப்பு இல்லை, அவசரம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் குரல். வீட்டில் இந்தக் குரலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்தார். ‘நான்தான்’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. சொன்னால் அந்தக் குரல் போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டார்.

கைப்பையோடு ஒரு பெண் ஊழியர் வந்து நின்றார்.

“சார், இது லேடீஸ். இங்க என்ன பண்றீங்க?”

“இல்லம்மா, என் வீட்டுக்காரம்மா உள்ள…”

“உள்ள இருந்தா வருவாங்க. முன்னாடி போய் உக்காருங்க சார்.”

அவர் போனார். அவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். நானும் போக வேண்டியதாயிற்று. உங்களையும்தான் அந்தம்மா முறைத்தார்.

7

முடிவு (அ): கண்ணாடியைக் கழற்றிவிட்டு மரக்கதவும் தாழ்ப்பாளும் போடுகிறார். “சுவரு தாங்குமான்னு தெரியல சார்” என்கிறார் மேஸ்திரி. “பாத்துக்கலாம்” என்கிறார் இன்சூரன்ஸ்காரர். கைதட்டல் நிச்சயம். ஆனால் இடிப்பதும் மாட்டுவதும் அவருக்குக் கை வந்த கலை. வாசலில் போய் நிற்காமல் இருப்பதுதான் வராது.

முடிவு (ஆ): அவள் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடுகிறாள். துணிச்சலான முடிவு என்று நண்பர் சொல்வார். துணிச்சல் எனக்கா அவளுக்கா என்பதுதான் குழப்பம். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு கதவு. நான் எதற்கு ஒரு வீட்டைத் தலையில் கட்டுவது?

முடிவு (இ): அவர் ஒரே மாலையில் ஞானி ஆகி—

இல்லை.

இப்போது அவர் மூடிய ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலி; அழுந்திப்போன மெத்தை, நூலில் கட்டிய பேனா. பில் கட்டுகிறவர்கள் உட்காரும் இடத்தில் இருந்து அதை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி முழுக்கச் சாவி கீறிய கோடுகள்.

இன்னும் சற்று நேரத்தில் அவள் நடை வழியாக வருவாள். இவரைப் பார்ப்பாள். இவர் முதலில் ஏதாவது சொல்லியாக வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அவள் பக்கத்தில் உட்காருவதும், ‘வேலை இருந்துச்சு’ என்று தாண்டிப் போவதும்.

‘இங்க என்ன பண்றே?’ என்று எழுதினேன். அடித்தேன்.

‘வீட்டுக்குப் போலாமா?’ பரவாயில்லை. ஆனாலும் அடித்தேன்.

‘கதவ மாத்திடட்டுமா?’ இது ரொம்ப நேரம் தாளில் இருந்தது. அதையும் அடித்தேன்.

நடையின் கோடியில் தாழ்ப்பாள் விலகும் சத்தம். எனக்கு இனி நேரமில்லை, நீங்கள் எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அது கேள்வியாக இருக்கக் கூடாது.

அவர் எழுந்து நின்றார். சொன்னார்:

“……………………”