கறுப்புச் செதில்கள்

கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து அந்த மீன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது, செந்நிற உடல், வயிற்றில் மட்டும் நெருக்கமான கறுப்புச் செதில்கள், யாருடைய கையில் குத்தியதோ, படத்தில் கையை வெட்டிவிட்டு டாட்டூவை மட்டும் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள், இடது மணிக்கட்டைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடி அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், கோயம்புத்தூரில் இது எத்தனையாவது டாட்டூ கடை என்று என்னுடன் வேலை பார்க்கும் நிவேதாவுக்குத்தான் தெரியும், காந்திபுரத்தில் ஊசியை என் கண்முன்னால் பிரிக்கவில்லை என்று எழுந்து வந்தேன், சாய்பாபா காலனியில் வரைந்து காட்டிய மயில் கோழி மாதிரி இருந்தது, ஆர்.எஸ்.புரத்தில் குறை எதுவும் கிடைக்காமல் ஏசி குளிர்கிறது என்றேன், நீ கடை பாக்குறியா மாப்பிள்ளை பாக்குறியாடி என்றாள் நிவேதா, அவன் பேரை மறைக்கணும்னு நெசமாவே ஆசை இருக்கா, இருக்கிறது என்றேன், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறேன், ஆனால் அதியன் என்ற பெயர் என் மணிக்கட்டில் இருக்கும்வரை என் பெயரும் அவன் முழங்கைக்குக் கீழே இருக்கும், அவன் விட்டுப்போன இந்த இரண்டு வருடமும் இதை நம்பித்தான் இருந்தேன், சட்டைக் கையை மடிக்கும்போது, சோறு பிசையும்போது, வேறொருத்திக்குக் கதவு திறக்கும்போது, அவனுக்கு நான் தெரிவேன்.

ராட்டினம் சுற்றுகிறது, அன்று அவனோடு போன பொருட்காட்சி முழுக்க அப்பளம் பொரிக்கும் எண்ணெய் வாசம், டாட்டூ ஸ்டால்காரர் விதவிதமான எழுத்து அச்சடித்த அட்டையை நீட்டுகிறார், அதெல்லாம் வேணாங்கண்ணா, இவ கையெழுத்துலயே குத்துங்க என்கிறான் அதியன், பேனாவால் அவன் கையில் என் பெயரை எழுதுகிறேன், யாரோ இடித்ததில் கடைசி எழுத்தின் வால் நீண்டு மச்சத்தின் மேல் ஏறிவிடுகிறது, அழிச்சுட்டு எழுதறேன்டா, வேணாம், அப்படியே இருக்கட்டும், ஊசி பட்டதும் அவன் கத்திய கத்தலில் பக்கத்துக் கடை வளையல்காரம்மா எட்டிப் பார்க்கிறார், அவன் என் விரல்களை நசுக்குகிறான், அவ்வளவு வலி எனக்காக என்று எனக்குப் பெருமையாக இருக்கிறது, கையைக் காட்டுங்க மேடம் என்கிறது ஒரு குரல், ராட்டினம் நிற்கிறது.

கடைக்காரர் பெயர் மெல்வின், புதுக் கையுறை, ஊசியை நான் கேட்காமலே என் முன்னால் பிரிக்கிறார், குறை சொல்ல எதுவுமில்லை, எழுத்து நல்லா ஆழமா எறங்கியிருக்குதுங்க என்கிறார், மறையுமா என்று கேட்கிறேன், மறையாது என்று சொல்லிவிடமாட்டாரா, அட என்னங்க நீங்க, அந்த மீனுக்கு அடியிலயே ஒரு பேர் இருக்குது, கண்டுபுடிங்க பாக்கலாம், சிரித்துக்கொண்டே மீன் குத்துவதற்கு முன் எடுத்த படத்தைப் போனில் காட்டுகிறார், அதில் முழுக் கையும் இருக்கிறது, மச்சம் இருக்கிறது, மச்சத்தின் மேல் ஏறிய வால் இருக்கிறது, என் கையெழுத்து.

எப்பப் பண்ணது, ஆச்சுங்க ரெண்டு வருசம், நான் கடை போட்ட புதுசு, அப்படியானால் அவன் போன சூட்டோடு, நான் நம்பத் தொடங்கும் முன்பே, ரொம்ப வலிச்சிருக்குமே அவருக்கு என்கிறேன், அவருக்கா, பாதியில தூங்கிட்டாருங்க, கொறட்டை வேற, கூட வந்த பொண்ணு அதை வீடியோ எடுத்துச் சிரிச்சுட்டே இருந்துச்சு, மீன் அவங்க செலக்சன்தான், உங்களுக்கும் மீனே போட்றலாங்களா, வேணாம், பின்ன பூவா, பட்சியா, கறுப்பா ஒரு கட்டம் போதும், வெறும் கட்டமாங்க, நல்லாருக்காதுங்களே, பரவால்ல.

நாற்காலி பின்னால் சாய்கிறது, மெஷின் இரைகிறது, வலிச்சா சொல்லுங்க என்கிறார், தூங்க முடியுதான்னு பாக்கறேன் என்கிறேன், ஜோக் என்று நினைத்துச் சிரிக்கிறார், கண்களை இறுக்கி மூடுகிறேன், அவன் பெயரின் முதல் எழுத்து எரிகிறது, வளையல்காரம்மா எட்டிப் பார்க்கிறார், நான் கத்தவில்லை, தூக்கமும் வரவில்லை, கண்ணைத் திறந்தால் சுவரில் அந்த மீன், கறுப்புச் செதில்களுக்குள் என்னை விழுங்கி வைத்துக்கொண்டு, அவன் எங்கோ குறட்டை விட, அவன் கையில், மூட இமையில்லாமல் விழித்துக் கிடக்கிறது.