எஞ்சின் ஓடாத நானூற்று முப்பத்தொரு நாட்கள்

காலை எட்டு மணிக்கு இத்தோய்கவா ஆஸ்பத்திரியிலிருந்து சுமியெவின் அண்ணன் மகள் கனாயோ போனில் கூப்பிட்டாள்.

"அத்தை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவுக்கு நினைவு இருக்கு. உங்களைத்தான் கேக்குறாரு. ஆனா சாயங்காலம் வரைக்கும் தாங்குவாருன்னு உறுதி இல்லையாம்."

சுமியெ போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். கணவர் யசுஹிகோ வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, சுவரிலிருந்து வந்த சார்ஜ் ஒயரைத் தடவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் நிஜமாகவே வாடியது. பிறகு வண்டியின் திரையைப் பார்த்தார்.

"தொண்ணூத்தி மூணு இருக்கு. இருபது நிமிஷம் பொறுத்தா நூறு ஆயிடும்."

பொறுத்தார்கள்.

அந்த எஸ்யூவி பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். இரண்டும் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று விற்றவன் சொன்னான். யசுஹிகோ வாங்கிய மறுவாரமே பெட்ரோல் பக்கத்தை மறந்துவிட்டார். அவர்கள் வசித்த மத்சுமோத்தோ வட்டாரத்தில் அதே வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில் கூடி, அவரவர் திரையை மற்றவர்களுக்குக் காட்டி, காப்பி குடித்துக் கலைவார்கள். எஞ்சினைத் தொடாமல் எத்தனை நாள் ஓட்டினார்கள் என்று அவர்களுக்குள் ஒரு பட்டியல் உண்டு. முதல் இடம் யசுஹிகோ. இன்றோடு நானூற்று முப்பத்தொரு நாள். இரண்டாவது ஆள் இருநூற்றுச் சொச்சத்தில் மாமியாரை அவசரமாக எங்கோ கொண்டுபோக வேண்டி வந்து, பாவம், தோற்றுப்போனார்.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த மனிதர் அவர். அந்த முப்பத்தாறு வருடத்தில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை, கடைசியாகவும் வந்ததில்லை. ஓய்வுபெற்ற அன்று வாழ்த்துரை வாசித்தவர் பக்கத்து மேசைக்காரரின் பெயரைச் சொல்லிவிட்டார். இதெல்லாம் சுமியெவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பட்டியலைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

சொல்லாததன் விலை மெல்ல ஏறியது. வண்டி முழு சார்ஜில் தொண்ணூறு கிலோமீட்டர் போகும் என்பது காகிதக் கணக்கு. குளிர்காலத்தில் நாற்பத்தைந்து. போய்த் திரும்ப வேண்டுமே, ஆக இருபத்திரண்டு. இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த உலகத்தை யசுஹிகோ தம்பதி சத்தமில்லாமல் கைவிட்டார்கள். பெட்ரோல் பங்க்காரர் இவர்கள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதாக நினைத்திருந்தார். மலைக்கு அந்தப்பக்கம் கடலோரத்து இத்தோய்கவாவில் இருந்த அண்ணன் கட்சுதோஷியை சுமியெ பார்த்து பதினாலு மாதம் ஆயிற்று. புத்தாண்டுக்கு அவர் போனில் கேட்டார்: "உன் வீட்டுக்காரர் வாங்கினது காரா, கன்னுக்குட்டியா? கயித்து நீளத்துக்கு மேல மேயவே மாட்டேங்குது!" அவள் சிரித்தாள். அப்போதே அவருக்கு இருமல் இருந்தது.

சுமியெ முதலில் ரயில் நேரத்தைத்தான் பார்த்தாள். பனியால் மலைப்பாதை ரயில் இரண்டு நாளாக நிறுத்தம். அவளிடமும் ஓட்டுநர் உரிமம் உண்டு. விபத்தோ அபராதமோ இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் தங்கநிறக் கோடு போட்டது. முப்பது வருடமாக வண்டியே ஓட்டாதவளுக்கு விபத்து எங்கிருந்து வரும்?

எட்டு நாற்பதுக்குக் கிளம்பினார்கள். ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் விழித்துக்கொள்ளும் என்பதால் சுமியெ மடியில் கம்பளி, வயிற்றில் வெந்நீர்ப் பை, இரண்டு சாக்ஸுக்குள்ளும் சூட்டுப் பொட்டலம். ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தாலும் எஞ்சின் விழிக்கும். அதனால் யசுஹிகோ தூங்குகிற குழந்தையின் தொட்டிலை ஆட்டுவதுபோல் மிதித்தார். பின்னால் பதினோரு வண்டி சேர்ந்தது. இடம் கிடைத்தபோதெல்லாம் ஓரம் கட்டி, கடந்துபோன ஒவ்வொரு வண்டிக்கும் தலை தாழ்த்தினார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

"வேகமாப் போனா சார்ஜ் சீக்கிரம் தீந்துடும். சார்ஜ் தீந்தா நேரம் ஆகும். மெதுவாப் போறதுதான் சீக்கிரம்."

வழியில் ஓமாச்சியில் அரைமணி நேர சார்ஜ் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. ஹாகுபாவில் சாலையோர ஓய்விடத்துக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். திரையில் இன்னும் ஒன்பது கிலோமீட்டருக்குத்தான் சார்ஜ் பாக்கி. அங்கே சார்ஜர் ஒன்றே ஒன்று. ஒரு வேன் அதில் கடைசி நிமிடங்களில் இருந்தது. அடுத்தது யசுஹிகோ.

"நம்ம நேரம் நல்லா இருக்கு. இங்க ஒரு அரைமணி. அப்புறம் கடல் வரைக்கும் இறக்கம்தான்" என்றார்.

அப்போது தோக்கியோ நம்பர் போட்ட சின்ன வெள்ளைக் கார் ஒன்று பின்னால் வந்து நின்றது. பனிச்சறுக்குச் சட்டை போட்ட இளம்பெண் இறங்கி வந்து கண்ணாடிக்கு வெளியே இடுப்பு வரை குனிந்தாள். யசுஹிகோ கண்ணாடியை இறக்கினார்.

"ரொம்ப மன்னிக்கணும் சார். கேக்கவே கூச்சமா இருக்கு. உங்க வண்டியில எஞ்சினும் இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் யசுஹிகோ, திருடியதை ஒப்புக்கொள்பவர்போல.

"என்னோடது வெறும் மின்சாரம் மட்டும்தான் சார். ஆறு சதவீதம் இருக்கு. இதுக்கு மேல போனா நடுரோட்டுல படுத்துரும். நீங்க வரிசைப்படிதான் வந்திருக்கீங்க, அது எனக்குத் தெரியும். சும்மாதான் கேட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க."

இந்த விஷயத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பெட்ரோல் வைத்திருப்பவன், அது இல்லாதவனுக்குச் சார்ஜரை விட்டுக்கொடுக்க வேண்டும். விடாதவர்களின் நம்பர் பிளேட்டைப் படம்பிடித்து இணையத்தில் போடுவார்கள். யசுஹிகோவின் டாங்க்கில் பதினாலு மாதத்துப் பெட்ரோல் முப்பத்தெட்டு லிட்டர் ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"தாராளமா. நீங்க போங்கம்மா" என்றார்.

சுமியெ அவர் கையைப் பிடித்தாள். "அப்போ நாம எஞ்சினைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடலாம்."

"இரு."

"என்ன இரு? அந்தப் பொண்ணுக்கு எஞ்சின் இல்ல. நமக்கு இருக்கு. அதுக்குத்தானே விட்டுக்கொடுத்தீங்க?"

"அரைமணி தானே சுமியெ. மச்சானுக்கு ஒண்ணும் ஆகாது. ஆஸ்பத்திரியில எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சேர்த்தார்: "நானூத்தி முப்பத்தொண்ணு."

அந்த எண்ணைச் சொன்ன குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் யோசித்துப் பார்த்தபோது, கத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தது. ஆனால் கண்ணாடி இறங்கியிருந்தது. வெளியே அந்தப் பெண் இன்னும் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று ஐம்பதுக்கு வெள்ளைக் கார் நகர்ந்தது. அதற்குள் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஆள் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் பார்த்தவர். "சார், என்னுதும் வெறும் மின்சாரம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்ததை இவருக்கு மட்டும் எப்படி மறுப்பது? யசுஹிகோ இறங்கி, இரண்டு கைகளாலும் சார்ஜரைக் காட்டி வழிவிட்டார். ஆரஞ்சு ஜாக்கெட் நெகிழ்ந்துபோய், உள்ளே போய் இரண்டு சூடான காப்பி டப்பா வாங்கி வந்து கொடுத்தார்.

"உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் சார் இந்த நாடு ஓடுது!"

சுமியெ டப்பாவைத் திறக்கவில்லை. அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். கன்னுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று சொல்லலாம். அவர் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும், வேண்டாம்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவர்கள் முறை வந்தது. ஒயரைச் செருகிவிட்டு யசுஹிகோ உள்ளே வந்து உட்கார்ந்தார். எண்கள் ஏறத் தொடங்கின. அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தார். நாற்பத்தொரு சதவீதம் ஆனபோது போன் அடித்தது.

"அத்தை," என்றாள் கனாயோ, "எங்க வந்திருக்கீங்க?"

"ஹாகுபா. கிட்டத்துலதான். இதோ கிளம்பிட்டோம்."

"மெதுவாவே வாங்க அத்தை. ரோடு வழுக்கும். அப்பா பத்து நிமிஷம் முன்னாடி போயிட்டாரு."

சுமியெ போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. யசுஹிகோவுக்குக் கேட்டிருந்தது. கீழே இறங்கி, பாதி சார்ஜில் ஒயரைப் பிடுங்கிச் சார்ஜரில் மாட்டினார். இரண்டு முறை தவறி விழுந்தது. உள்ளே வந்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

எஞ்சின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. அந்த வண்டியில் அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. திரையின் மூலையில் நானூற்று முப்பத்தொன்று பூஜ்ஜியமானது. ஹீட்டர் ஓட்டைகளிலிருந்து தூசி நாற்றத்தோடு காற்று வந்தது, முதலில் குளிராக, பிறகு வெதுவெதுப்பாக.

"அணைங்க" என்றாள் சுமியெ.

"சுமியெ..."

"இனிமே எதுக்கு? அணைங்கன்னா அணைங்க."

அவர் பொத்தானை மறுபடி அழுத்தினார். 'எஞ்சின் சூடாகும்வரை மின்சாரத்துக்கு மாற இயலாது' என்றது திரை. மறுபடி அழுத்தினார். அதே வாசகம். இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தச் சத்தத்தோடேயே சாலையில் ஏறினார். ஒரு வண்டிக்கும் வழிவிடவில்லை. கடல் வரைக்கும் இறக்கம்தான், அவர் சொன்னது சரி. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணனை அதற்குள் கீழ்த்தளத்து அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முகத்தில் வெள்ளைத் துணி. அண்ணி வாசலிலேயே நின்று இவர்கள் இருவருக்கும் குனிந்தாள்.

"இந்தப் பனியில இவ்வளவு தூரம் அடிச்சுப் பிடிச்சு வந்திருக்கீங்களே. ரொம்ப சிரமப்பட்டிருப்பீங்க. வழியில பனி ரொம்ப இருந்துச்சா?"

யசுஹிகோ பதிலுக்குக் குனிந்தார்.

"பனி இல்ல அண்ணி," என்றாள் சுமியெ. "வரிசை."

அண்ணிக்குப் புரியவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, உள்ளே போகச் சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தாள். யசுஹிகோ பழக்கதோஷத்தில் ஒதுங்கி நின்று, பின்னால் வந்த யாரோ ஒருவரை முதலில் போகச் சொன்னார்.