ஏன் என்று கேட்காதவர்

ஹோசியா ப்ரூயிட் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இல்லை, வீம்பு இருந்தது. மேற்கு டெக்சாஸில் மாடு ஓட்டிப் பிழைத்த அத்தனை பேருக்கும் இருந்த அதே பாழாய்ப்போன வீம்பு.

விட்லாக் பண்ணையில் அவர் இருபத்திரண்டு வருஷம் கௌபாயாக இருந்தார். கறுப்பர். அந்தப் பண்ணையில் மூன்றில் ஒருவர் கறுப்பரோ மெக்சிகோக்காரரோதான். ஐம்பத்துமூன்று வயது, வலது முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கும். செத்துப்போன பெரிய முதலாளி அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: வேலையை விட்டுப் போகாதவரை ஓடைக்கரைக் குடிசை ஹோசியாவுக்கு, கண்ணை மூடும்வரை. சின்ன முதலாளியும் அதை மறுக்கவில்லை. ஹோசியாவின் மிச்ச வாழ்க்கை அந்தக் குடிசையை நம்பித்தான் இருந்தது.

அப்புறம் பாதிரி. கழுத்தில் வெள்ளைப் பட்டை விழுந்த சாம்பல் நிறக் குதிரை. பார்ப்பதற்குப் பாவமன்னிப்புக் கொடுக்க வந்ததுபோல இருக்கும், அதனால் அந்தப் பெயர். மந்தைக்குள் புகுந்து ஒரு மாட்டை மட்டும் பிரித்துக் கொண்டுவர அதற்கு இணை அந்தப் பக்கத்தில் இல்லை. ஹோசியா மேலே சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

குதிரை விஷயத்தில் பண்ணைகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலைக்குச் சேருகிற அன்று ஒவ்வொருவனுக்கும் எட்டோ பத்தோ குதிரை ஒதுக்குவார்கள். குதிரை பண்ணையுடையதுதான். ஆனால் அவன் வேலையில் இருக்கும்வரை வேறு எவனும் அதன்மேல் ஏறக் கூடாது, முதலாளி உட்பட. மேஸ்திரி அதில் ஒன்றைப் பிடித்து இன்னொருவனிடம் கொடுத்தால், ‘நீ கிளம்பலாம்’ என்று அர்த்தம். குதிரை போனவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும். ஓட்டிஸ் என்று ஒருத்தன், “என் குதிரைய ஏன் மேஸ்திரி எடுத்தீங்க?” என்று கண் கலங்கக் கேட்டுவிட்டான். சமையல் வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் போன பிறகும் இரண்டு வருஷம் அவனைப்போல மூக்கை உறிஞ்சி நடித்துக் காட்டியவர் நம்ம ஹோசியாதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் வருஷ வசந்தத்தில், கன்றுகளுக்குச் சூடு போடுகிற சமயத்தில், சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதாநாயகன் பெயர் ராய்ஸ் டாலோவே. முகத்தில் மாவு, உதட்டில் சாயம், காலில் சேறு படாத பூட்ஸ். சாயங்காலம் பாதிரி மாடு பிரிப்பதைப் பார்த்துவிட்டு நேரே ஹோசியாவிடம் வந்தான்.

“இந்தக் குதிரை எனக்குப் பொருத்தமா இருக்கும். நாளைக்கு எடுத்துக்கறேன், என்ன?”

வெள்ளைக்காரனிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடியுமா? “மேஸ்திரியக் கேட்டுக்கோங்க சார்” என்றார் ஹோசியா. அவர் ஊர்ப் பேச்சில் அது முடியாது என்பதுதான். மேஸ்திரி கிளெம் யான்சி அவருடைய இருபது வருஷச் சிநேகிதர். தனியாக இருந்தால் ‘கிளெம்’, நாலு பேர் முன்னால் ‘மிஸ்டர் யான்சி’. ஒரே போர்வையில் ஆலங்கட்டி மழையைத் தாண்டியவர்கள். கிளெம் ஒருநாளும் கொடுக்க மாட்டார் என்று ஹோசியா நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் கயிறு கட்டிய பட்டிக்குள் குதிரைகளை ஓட்டி வந்தார்கள். பாதிரி இல்லை. அது முதலாளியின் கூடாரத்துக்கு முன்னால், முதுகில் வெள்ளிப்பூ வைத்த சேணத்தோடு நின்றது. கடிவாளம் டாலோவே கையில்.

ஹோசியாவுக்குப் புரிந்துவிட்டது. கேட்டிருக்கிறான், கிளெம் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? காபியைக்கூடத் தொடாமல் திரும்பி வந்து படுக்கையைச் சுருட்டினார். பட்டிக்கு அந்தப் பக்கம் கிளெம் நின்றிருந்தார். ஒரு தடவை பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல் போதுமாக இருந்தது. ஏன் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஓட்டிஸின் மூக்கு நினைவுக்கு வந்தது. சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டிக்கொண்டே பதினெட்டு மைல் நடந்து ஊருக்குப் போனார்.

ஐம்பத்துமூன்று வயதுக்காரனை எந்தப் பண்ணை எடுக்கும்? ஊரில் வாடகைக் குதிரை லாயத்தில் சாணி அள்ளுகிற வேலைதான் கிடைத்தது. படுக்கை வைக்கோல் பரணில். சேணத்தை ஒரு சாக்கில் மூடி வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஊமைப்படம் ஊருக்கு வந்தது. பாதிரியைப் பார்க்கலாமே என்றுதான் ஹோசியா போனார். கறுப்பர்களுக்குப் பின்பக்கப் படியேறி மேல் மாடம். பக்கத்தில் சலவை செய்கிற லவீனியா உட்கார்ந்திருந்தாள். திரையில் எழுத்து வரும்போதெல்லாம் மற்றவர்களுக்காக உரக்கப் படிப்பது அவள் வழக்கம்.

“என்னய்யா இந்தாளு, ரொட்டி மாவுல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கான்!” என்றாள் டாலோவேயைப் பார்த்து. “இவ்வளவு கௌபாய் வர்றானுங்களே, நம்மாளு ஒருத்தனையும் காணோமே?”

“நாங்கல்லாம் அன்னிக்கு வேலைல இருந்தோம் தாயி” என்றார் ஹோசியா. மாடமே சிரித்தது.

பாதிரி வந்தது. அதே தலையசைப்பு. ஹோசியா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். “அதான்! அதான் என் குதிரை!” என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரையில் எழுத்து வந்தது. லவீனியா படித்தாள்: “கௌபாய் ஏன் என்று கேட்பதில்லை. அதுவே அவன் பெருமை.” கீழே வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். கொள்ளைக்காரர்கள் சுட்டார்கள், பாதிரி பாய்ந்து ஓடியது, திடீரென்று முன்னங்கால்கள் இரண்டும் எதிலோ மாட்டி இழுபட்டுத் தலைகுப்புற விழுந்தது. மறுபடியும் கைதட்டல். அடுத்த நொடி டாலோவே வேறொரு குதிரையில், அதே நிறம், கழுத்தில் சுண்ணாம்பால் பூசிய பட்டை.

நாற்பது வருஷம் குதிரையோடு வாழ்ந்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாதிரி இனி எழுந்திருக்காது என்று விழுந்த விதத்திலேயே தெரிந்தது. ஹோசியா படியிறங்கி வெளியே வந்துவிட்டார்.

வெளியே விளக்குக் கம்பத்தடியில் கிளெம் யான்சி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரும் பாதிப் படத்தில் எழுந்து வந்திருந்தார்.

“தரையில கம்பி கட்டியிருந்தானுங்க” என்றார் கிளெம். “காட்சி நல்லா வரணுமாம். நான்தான் சுட்டேன். ரெண்டு காலும் போயிடுச்சு.”

“கம்பி கட்டறப்போ நீங்க எங்க இருந்தீங்க, மிஸ்டர் யான்சி?”

“அங்கதான் இருந்தேன்.” கிளெம் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “பார்த்துட்டு சும்மா இருந்தேன். உன்மேல அவ்வளவு கோவம். இருபது வருஷம்டா! சினிமாக்காரனுக்குக் குதிரையத் தூக்கிக் குடுத்துட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேலைய விட்டுப் போறியேன்னு.”

“நானா குடுத்தேன்?”

“ஹோசியாவக் கேட்டாச்சு, எடுத்துக்கச் சொல்லிட்டான்னு அவன்தான் சொன்னான்.”

“உங்களக் கேட்கச் சொன்னேன். நீங்க குடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்.”

“அட கடவுளே! நான் குடுப்பேனா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா!”

“நீங்க கேட்டிருக்கலாமே. படுக்கையச் சுருட்டறத நின்னு பார்த்தீங்கல்ல? நான் இருந்திருந்தா அந்தக் கம்பிய எவனாவது கட்டியிருப்பானா? கையை உடைச்சிருப்பேன்.” ஹோசியா ஒரு அடி முன்னால் வந்தார். “என் பாதிரியக் கொன்னது நாமதான், மிஸ்டர் யான்சி. நீயும் நானும்.”

படம் விட்டுக் கூட்டம் வெளியே வந்தது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படிப்பட்ட ஆம்பளைங்க இப்போ எங்க இருக்காங்க?” என்று புருஷனிடம் சொன்னபடி இவர்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனாள்.

கிளெம் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தார். “ஓடைக்கரைக் குடிசை காலியாத்தான் கிடக்கு” என்றார்.

ஹோசியா நிமிர்ந்து பார்த்தார். “கூரை ஒழுகுமே.”

“ஒழுகுது.”

வா என்று ஒரு வார்த்தை. வரட்டுமா என்று ஒரு வார்த்தை. ஏதாவது ஒன்று வந்திருந்தால் போதும். கிளெம் அழைப்பார் என்று ஹோசியாவும், ஹோசியா கேட்பார் என்று கிளெமும், தெரு வெறிச்சோடும்வரை நின்றார்கள். கடைசியில் கிளெம் தொப்பியை மாட்டிக்கொண்டு, “சரி, அப்போ வரேன்” என்று குதிரையேறினார்.

“சரிங்க, மிஸ்டர் யான்சி” என்றார் ஹோசியா. லாயத்துக்குப் போய்ச் சாணி அள்ளுகிற மண்வெட்டியைக் கழுவி, காலையில் எடுக்க வசதியாகக் கதவோரம் சாய்த்து வைத்தார்.