நேமானியின் இடது கால்

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேமானி, பத்துத் தடவையும் வாய் திறக்கவில்லை.

என் கையில் இருந்தது ஒரு நைலான் நூல். தூண்டில் நரம்பு மாதிரி மெல்லியது. உள்ளங்காலில் வைத்து அது வளையும்வரை அழுத்துவேன். பட்டது தெரிந்தால் ‘தெரியுது’ என்று சொல்ல வேண்டும். ஒரு காலுக்குப் பத்து இடம்.

“தூங்கிட்டீங்களா அண்ணே?” என்றேன்.

“நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, சிஸ்டர்.”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். இவருக்கு நெருப்பே உறைக்காது, நூலா உறைக்கும் என்றாள் ஒருத்தி. சிரிப்பில் பெருமை இருந்தது. எங்கள் பெங்கா தீவில், பழுக்கக் காய்ந்த கற்கள்மேல் வெறுங்காலோடு நடக்கும் வரம் சில குடும்பங்களுக்கு உண்டு. நேமானி இருபத்திரண்டு வருஷமாக நடப்பவர். ஒரு கொப்புளம் வந்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தீவுக்கு இரண்டு அறை ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதற்கு நர்ஸ் நான் ஒருத்திதான், வாசிதி. புதன்கிழமை சர்க்கரைக்காரர்கள் நாள். எங்கள் மீட்டர் கணக்கில் ஏழுக்குள் இருக்க வேண்டிய நேமானியின் சர்க்கரை அன்று பத்தொன்பது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இடது காலைத் தூக்கித் திருப்பினேன்.

பெருவிரலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஓர் ஓட்டை. உள்ளே கறுப்பாக ஒரு கல் சில்லு. சுற்றிலும் சீழ்.

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். போனில் படம் எடுத்து அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இது யாரு காலு?” என்றார்.

அதே படத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கால் டாக்டரம்மா இரண்டே நிமிஷத்தில் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள என் மேஜையில இருக்கணும். எலும்பு வழியா மேல ஏறிட்டா விரலோட நிக்காது. முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்.”

நேமானி திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். சனிக்கிழமை தீ மிதிப்பு. பன்னிரண்டு பேர் நடக்க வேண்டும். அதற்காகப் பத்து நாளாக விரதம்: தேங்காய் தொடக் கூடாது, மனைவியைத் தொடக் கூடாது. நடப்பவன் காலில் காயம் கண்டால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான், விரதம் கெட்டது. கடைசி நேரத்தில் ஒருவன் விலகினாலும் அதே அர்த்தம்.

“ஊரு என்னைப் பார்க்காது, சிஸ்டர். கெலேராவைத்தான் பார்க்கும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

கெலேரா அவர் மனைவி. மாலையில் அவள் வீட்டுக்குப் போனபோது மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது; நேமானியே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்து நாளாகத் தேங்காய்ப்பால் ஊற்றாமல், வெறும் தண்ணீரில் மீனை வேகவைத்துத் தானும் அதையே தின்பதாகச் சொன்னாள்.

“அந்த மனுஷன் ஆம்பளைங்க கூடத்துல படுக்குறாரு, நான் இங்க படுக்குறேன். இதுக்குச் சாட்சி சொல்லப் பன்னிக்குட்டியையா கூட்டிட்டு வர முடியும்?” என்றவள் கத்தியைக் கீழே வைத்தாள். “பேசுறவங்க பேசட்டும். எனக்குக் காலு வேணும், சிஸ்டர்.”

நோயாளி வேண்டாம் என்றால் நான் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. யோசித்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் பெரியவர்களிடம் ஒன்று கேட்கப் போனால் காணிக்கையாக வைக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டைக் கொண்டுபோய், தீ மிதிப்பை நடத்தும் பூசாரி அபோரோசாவின் முன் வைத்தேன். நேமானியின் பெயரை எடுக்கவில்லை. சனிக்கிழமைக்கு முன் பன்னிரண்டு பேரின் கால்களையும் சோதிக்க அனுமதி வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

“சாமி குடுத்ததை நூலை வெச்சு அளக்கப் போறியா, தாயி?”

“சாமி குடுத்ததை இல்ல பெரியவரே. சர்க்கரை எடுத்துக்கிட்டதை.”

அவர் தன் காலை நீட்டினார். “அப்ப என்னோடதுலருந்து ஆரம்பி.”

ஆண்கள் கூடத்தில் பாய்மேல் வரிசையாகப் படுத்தார்கள். நேமானி சுவரோரம் கடைசியில், கட்டுப் போட்ட காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் நடந்த பாதங்கள் தோல் செருப்பு மாதிரி மரத்துப் போயிருக்கும், ரகசியமே அதுதான் என்று ஒன்பது வருஷமாக நான் மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

அபோரோசாவின் குதிகாலில் நூல் பட்டதும் “தெரியுது” என்றார்.

அடுத்த இடம். “தெரியுது.”

அடுத்த ஆள். கூசுகிறது, குத்துவதென்றால் ஒழுங்காகக் குத்துங்கள் என்று அவன் நெளிந்தான். அடுத்தவன். அடுத்தவன். பதினோரு பேர், இருநூற்று இருபது இடம். ஒன்றைக்கூட ஒருவரும் தவறவிடவில்லை.

இதே கற்கள்மேல் பச்சைப் பெரணி இலை விழுந்து கண் சிமிட்டும் நேரத்தில் சுருள்வதைப் பார்த்திருக்கிறேன். அதன்மேல் இவர்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நூலின் எடையை உணரும் பாதங்களோடு! படித்த படிப்பெல்லாம் அந்தக் கூடத்தில் எனக்கு உதவவில்லை. குனிந்து நூலை அதன் உறைக்குள் போட்டேன்.

நிமிர்ந்தபோது நேமானி கண்ணைத் திறந்திருந்தார். ஒவ்வொரு ‘தெரியுது’வையும் அவர் எண்ணியிருக்க வேண்டும்.

“நெருப்பு மேலயுமா தெரியும்?” என்று அபோரோசாவைக் கேட்டார்.

“என்னடா கேள்வி இது? ஒவ்வொரு கல்லும் தெரியும். வழவழப்பு, சொரசொரப்பு எல்லாம். சூடும் தெரியும். சுடாது, அவ்வளவுதான். ஏன், உனக்கு?”

நேமானி தன் இடது காலைப் பார்த்தார்.

“மூணு வருஷமா ஒண்ணுமே தெரியல. வரம் முத்திப் போச்சுன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு அவரே காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். நான் தடுக்கவில்லை, அது அவர் கால்.

அபோரோசா குனிந்து பார்த்தார். எப்போது வந்தது என்று என்னிடம் கேட்டார். நேமானி தலையசைத்ததும் சொன்னேன். சில்லு போன மாத நடையில் ஏறியது, விரதம் ஆரம்பிப்பதற்கு முன்பே. உணர்ச்சியைத் தின்றது அதற்கும் பல வருஷம் முந்தைய சர்க்கரை.

கிழவர் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார்.

“கேட்டுக்கிட்டீங்களா? கெலேராவைப் பத்தி எவன் வாயாவது திறந்துச்சுன்னா, அவன் என் பின்னாடி நடக்க மாட்டான்.” பிறகு நேமானியிடம், “எந்திரிடா. படகுக்குப் போ.”

மதியத்துக்குள் கடலைக் கடந்தோம். டாக்டரம்மா காத்திருந்தார். சில்லும் போனது, பெருவிரலும் போனது. அதற்கு மேல் எலும்பு சுத்தம். கால் தங்கியது.

சனிக்கிழமை பதினோரு பேர் நடந்தார்கள். வரிசையில் நேமானியின் இடத்தில் ஓர் ஆள் இடைவெளி விட்டு நடந்ததாகவும், கற்கள் காயும் குழிக்குள் ஒரு சுற்று வந்து முடிக்கும்வரை அந்த இடைவெளி சுருங்கவே இல்லை என்றும் கெலேரா போனில் சொன்னாள். வார்டில் நேமானி போனைக் காதில் வைத்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் திரும்பினோம். கையில் இன்சுலின் பெட்டி, ஆறு வாரத்துக்குக் கட்டுத் துணி, தினமும் அவர் வீட்டுக்குப் போய் நான் கட்டு மாற்ற வேண்டும் என்ற சீட்டு. கட்டு நனையக் கூடாது. ஆனால் நீர் வற்றும் நேரம். படகு கரைக்கு வராமல் பவளத் திட்டின் கடல் பக்கமே தட்டி நின்றுவிட்டது.

கரையிலிருந்து பதினோரு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். அபோரோசா முன்னால். நேமானியைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டார்கள்.

“வெயிட்டு குறைஞ்சிருக்கே மச்சான், ஒரு விரலுக்கு இவ்வளவா?” என்றான் ஒருவன்.

“கொழுப்பெல்லாம் உன் வாய்லதான்டா இருக்கு,” என்றார் நேமானி.

மருந்துப் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே இருபத்திரண்டு பாதங்கள் கூரான பவளத்தைத் தடவித் தடவி இடம் தேடின. ஒரு பாதம் எதையோ தொட்டுச் சட்டென்று நின்றது. மற்றவர்களும் நின்றார்கள். கடல் முள்ளெலி. மொத்த வரிசையும் அரை அடி விலகி நகர்ந்தது.

மேலே வெயிலில் அந்த வெள்ளைக் கட்டு கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.